மதுரைக்காலும் ரங்கூன் கடுதாசியும்

காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்த ஊரின் பெயரை ஒரு நோய் சுமந்துகொண்டிருக்கிறது. சூடானிலோ மெக்சிகோவிலோ ஒரு தோல் மருத்துவரிடம் 'மதுரைக்கால்' என்றால் உடனே புரியும். இங்கே, கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவரின் பாதம் இரண்டு வருஷமாக வீங்கிக் கிடந்தால் ஆணி என்பார்கள், ஆனைக்கால் என்பார்கள், சர்க்கரைப் புண் என்பார்கள். பெயர் பிறந்த சீமையிலேயே அந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இன்னொரு நோயும் உண்டு, மெலியாய்டோசிஸ். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவிற்கப் போன பர்மாவின் ரங்கூனில் 1911-ல் கண்டறியப்பட்டது. கண்டறிந்த இருவரில் ஒருவர் பெயர் கிருஷ்ணசாமி. அதுவும் இன்று சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் காசநோய் என்ற பெயரில் கடந்துபோய்விடக்கூடியது.

இந்த இரண்டு நோய்களையும், செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கும் பழைய கணக்குகளையும் கடுதாசிகளையும் சேர்த்தே பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அரிய நோயாளி தவறிப்போகும் இடமும் அரிய ஆவணம் தவறிப்போகும் இடமும் ஒன்றுதான். கண்ணால் பார்த்ததை எழுதி முடிப்பதற்குள் பழகிய பெயர் ஒன்றைச் சூட்டிவிடுகிறோமே, அந்த இடம்.

முதலில் கால். 1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர், உருக்குலைந்து வீங்கி, பல துளைகளில் சீழ் வடியும் பாதங்களைப் பற்றி எழுதினார். 1846-ல் கோல்புரூக் அதை மதுரைக்கால் என்றார். 1860-ல் ஹென்றி வான்டைக் கார்ட்டர், இது பூஞ்சையால் வருவது என்று சொல்லி மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். 1894-ல் வின்சென்ட் என்பவர் அல்ஜீரியாவில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த கிருமிக்கும் மதுரையின் பெயரே சூட்டப்பட்டது. அது பூஞ்சை அல்ல, இழைபோல் வளரும் பாக்டீரியா. ஆக ஒரே தோற்றம், இரண்டு வகைக் கிருமி, இரண்டு வேறு வைத்தியம். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-ல். மதுரையில் எழுதப்பட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால் 174 வருஷம்.

ஏன் இப்படித் தவறுகிறது? முதல் காரணம், வலி இல்லை. கருவேலமுள்ளோ உடைமுள்ளோ குத்தும்போது மண்ணிலிருக்கும் கிருமி உள்ளே போகிறது. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சின்னக் கெட்டிக் கட்டி வரும். அமுக்கினாலும் வலிக்காது. வலிக்காத கட்டிக்கு யார் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? புரையோடி, சீழ் வடிந்து, செருப்புக்குள் கால் நுழையாமல் போகும்போதுதான் வருகிறார்கள். அதற்குள் எலும்பு அரித்திருக்கும். முள் குத்தியது எப்போது என்று கேட்டால் பெரும்பாலும் நினைவிருக்காது. முள் குத்தாத நாள் எது என்று திருப்பிக் கேட்பார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆகவே முள் குத்தியதாகச் சொல்லவில்லை என்பதற்காக இந்த நோயைத் தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது காரணம் அந்தப் பெயரே. மதுரைக்கால் என்று படித்தவர் காலில் மட்டும்தான் தேடுவார். பாதம்தான் அதிகம், உண்மை. ஆனால் விறகுக்கட்டு சுமக்கிறவருக்குத் தோளிலும் முதுகிலும் கழுத்திலும் வரலாம், முழங்கால் ஊன்றி வேலை செய்கிறவருக்கு முழங்காலில் வரலாம், கையிலும் வரலாம். ஊர்ப்பெயரும் உறுப்புப்பெயரும் சேர்ந்த ஒரு நோய்ப்பெயர் எவ்வளவு பேரைக் காட்டிக்கொடுத்ததோ, அவ்வளவு பேரை மறைத்தும் இருக்கும் என்பது என் கணிப்பு.

அடையாளம் மூன்று: வலியில்லாத கெட்டி வீக்கம், பல புரைவாய்கள், அவற்றிலிருந்து சீழோடு வெளிவரும் குறுமணிகள். மூன்றாவதுதான் முடிவு சொல்வது. அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் புண்ணைக் கட்டுகிறவர் சீழைத் துடைத்துத் துணியைக் குப்பையில் போட்டுவிடுகிறார். மணியும் அதோடு போகிறது.

மணியைப் பிடிக்கச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. புரைவாயைச் சலைன் நீரால் மட்டும் கழுவி, மருந்தோ களிம்போ போடாமல், சுத்தமான காஸ் துணியை வைத்து இரவு முழுக்கக் கட்டிவிட வேண்டும். காலையில் அவிழ்த்தால் மணிகள் துணியின் கண்களில் ஒட்டியிருக்கும். கேழ்வரகைவிடச் சின்னதாக இருக்கும், சிலது ஊசிமுனை அளவுதான். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கியோடு பார்க்க வேண்டும். நிறத்தை உடனே எழுதிவிட வேண்டும், காய்ந்தால் மாறும். கறுப்பு மணி என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் இழைப் பாக்டீரியா. வெள்ளையும் வெளிர்மஞ்சளும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அங்கேதான் நுண்ணோக்கி தேவை. மணியை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் நசுக்கி, ஒன்றில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இன்னொன்றில் கிராம் சாயம். இழை ஒரு மைக்ரான் அளவோ அதற்கும் மெலிதாகவோ இருந்தால் பாக்டீரியா, 2 முதல் 6 மைக்ரான் வரை தடித்திருந்தால் பூஞ்சை.

மேலே ஒட்டிய மணியில் உயிர் இல்லாமலும் போகலாம், வேறு கிருமி கலந்தும் இருக்கலாம். வளர்ப்புச் சோதனைக்கு ஆழத்திலிருந்து எடுத்த சதையே சிறந்தது. இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு ஒன்றுதான்: எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவது. ஃபார்மலினில் போனது வளராது. எடுத்ததை உடனே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு துண்டு ஃபார்மலினில் திசு ஆய்வுக்கு, இன்னொன்று மூடியுள்ள சுத்தமான டப்பாவில் சலைனோடு வளர்ப்புச் சோதனைக்கு. அறுவை அரங்குக்குப் போகுமுன்பே இரண்டு டப்பாவையும் எழுதி ஒட்டி வைத்துவிட்டால் இந்தத் தவறு நடக்காது. பூஞ்சை மெதுவாக வளரும், 4 முதல் 6 வாரம் காத்திருக்கச் சொல்லிச் சீட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சில நாளிலேயே 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வந்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், பாக்டீரியா வகைக்குக் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில் கொடுத்தால் பெரும்பாலும் காலைக் காப்பாற்றலாம். (அமிகாசின் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், இடையிடையே சோதித்தே கொடுக்க வேண்டும்.) பூஞ்சை வகைக்கு இட்ராகொனசோல் ஒரு வருஷமோ அதற்கு மேலோ, அதோடு கத்தியும் தேவைப்படும். மணியைப் பார்க்காமல் கிழித்துச் சீழை எடுத்துவிட்டு ஏதோ ஒரு மாத்திரையை ஐந்து நாள் கொடுத்தால் புரை இன்னொரு இடத்தில் வாய் திறக்கும். சூடு போட்டாலும் பச்சிலை கட்டினாலும் அதேதான்.

இனி ரங்கூன். அங்கே பொது மருத்துவமனையில் நோய்க்கூறு ஆய்வாளராக இருந்தவர் ஆல்ஃபிரட் விட்மோர், அவருக்கு உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமி. 1911-ல் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது சிலருக்கு நுரையீரல் பாலாடைக்கட்டி போலக் கெட்டியாகி, கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் இருந்தன. பார்வைக்குக் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மாதிரியே இருந்தது. கிளாண்டர்ஸ் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இறந்தவர்கள் குதிரையோடு பழகியவர்கள் அல்லர். வளர்த்துப் பார்த்த கிருமி கிளாண்டர்ஸ் கிருமியைவிட வேகமாக வளர்ந்தது. அது நகர்ந்தது, கிளாண்டர்ஸ் கிருமி நகராது. இந்த மூன்று பொருந்தாமைகளையும் தள்ளாமல் எழுதி வைத்தார்கள். 1912-ல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் புது நோய் என்று வெளியிட்டார்கள். மெலியாய்டோசிஸ் என்ற பெயர் 1921-ல் மலாயாவில் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் வைத்தது.

இதன் அடுத்த பாதி அவ்வளவு நல்லதாக இல்லை. ரங்கூனில் முதலில் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் வறியவர்கள், மார்பின் ஊசி குத்திக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள். 1917-ல் கிருஷ்ணசாமி எழுதிய கட்டுரைத் தலைப்பே இதை மார்பின் ஊசிக்காரர்களின் நோய் என்றது. கண்டது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் நின்றபின், ஊசி குத்திக்கொள்ளாத விவசாயியிடம் அதை யார் தேடுவார்கள்? அதன்பின் பல பத்தாண்டுகள் பர்மாவிலிருந்து இந்த நோய் பற்றிய பதிவு மிக அரிது. நோய் மறைந்துவிடவில்லை, தேடுவது நின்றுபோனது. பக்கத்துத் தாய்லாந்தின் வடகிழக்கிலும் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் தேடினார்கள், கிடைத்தது. இந்தியாவில் 1990களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் எழுதத் தொடங்கினார்கள். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இதை அரிய நோய் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அரிதாகக் கண்டறியப்படும் நோய் என்றால் சரி.

கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிறது. நடவு வயலில் வெறுங்காலோடு நிற்பவரின் வெடிப்பு வழியாகவோ, புயல் மழையில் மூச்சு வழியாகவோ உடலுக்குள் போகும். எல்லோருக்கும் நோய் வராது. சர்க்கரை உள்ளவர், மது அதிகம் குடிப்பவர், சிறுநீரகம் கெட்டவர், ஸ்டீராய்டு மாத்திரையைக் கேள்வி கேட்பாரின்றி வாங்கிச் சாப்பிடுகிறவர் ஆகியோருக்கே அதிகம். பெரும்பாலும் கிருமி புகுந்த 1 முதல் 21 நாளுக்குள் நோய் காட்டும். அபூர்வமாக வருஷக்கணக்கில் பதுங்கும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டு கழித்து வெளிப்பட்டது பதிவாகியிருக்கிறது. ஆகவே சபுராளி வீட்டுப் பெரியவரிடம், அதாவது அக்கரைச் சீமைக்குப் போய்வந்தவரிடம், போன மாதம் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டால் போதாது.

செட்டிநாட்டுப் பக்கம் எப்போது சந்தேகப்பட வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை மழை பெய்துகொண்டிருக்கிறது. 50 வயது, சர்க்கரை, கண்மாய்ப் பாசனத்தில் நடவு. காய்ச்சலும் இருமலும். எக்ஸ்ரேயில் நிழல், சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இரண்டு வாரம் வழக்கமான ஊசி போட்டும் இறங்கவில்லை. இந்த இடத்தில் 'சளியில் தெரியாத காசநோய்' என்று எழுதி ஆறு மாத மருந்தைத் தொடங்குவதுதான் வழக்கமான பாதை. அதற்கு முன்னால் வயிற்று ஸ்கேன் ஒன்று. மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிறுசிறு சீழ்க்கட்டிகள், ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் சீழ்க்கட்டி இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். முழங்கால் மூட்டுச் சீழும் இப்படி வரலாம். "நெல்லு நட்டீகளா? செருப்பில்லாம நின்னீகளா? கால்ல வெடிப்பு இருந்துச்சா?" என்று மூன்று கேள்வி கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

சோதனைக்கூடத்தில் தவறுகிற இடங்கள் இன்னும் நுணுக்கமானவை. இரத்த வளர்ப்புக்குப் பெரியவர் என்றால் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு பாட்டில். ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் எடுக்க வேண்டும். இரத்தம் மட்டும் போதாது. சளி, சிறுநீர், தொண்டைத் துடைப்பு, சீழ் இருந்தால் சீழ், எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். ஏனென்றால் வளர்ப்புச் சோதனை நோயுள்ளவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேரைத்தான் பிடிக்கிறது. இல்லை என்று வந்தாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். சீட்டில் 'மெலியாய்டோசிஸ் சந்தேகம்' என்று எழுதுவது மிக முக்கியம். எழுதாவிட்டால் கிருமி வளர்க்கும் தட்டை 48 மணி நேரத்தில் எறிந்துவிடுவார்கள், வளர்ந்த கிருமிக் கூட்டத்தின் சுருங்கிய மேற்பரப்பு தெரிய அதற்கு மேலும் ஒரு நாள் ஆகலாம். அல்லது 'சூடோமோனாஸ் இனம்' என்றோ, வெளியிலிருந்து கலந்த கிருமி என்றோ அறிக்கை போகும். தானியங்கி இயந்திரம் சில சமயம் இதை இதன் உறவுக்கார பர்கோல்டேரியா செபேசியா என்று தவறாகச் சொல்லும்.

சிறிய கூடத்திலும் செய்யக்கூடிய எளிய வழி இது: கிராம் சாயத்தில் சிவப்பாக, இரண்டு முனையும் சாயம் ஏறி, சேஃப்டி பின் போலத் தெரியும் குச்சி. ஆக்சிடேஸ் சோதனை ஆம். மருந்து வட்டுகளில் ஜென்டமைசின் பலிக்காது, கொலிஸ்டின் பலிக்காது, ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் பலிக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இயந்திரம் என்ன பெயர் சொன்னாலும் நிறுத்திவிட்டுப் பெரிய கூடத்துக்கு அனுப்ப வேண்டும். தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது, மூச்சு வழியாகத் தொற்றும். பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தே கையாள வேண்டும்.

வைத்தியத்தில், 1989-ல் தாய்லாந்தின் உபோன் ராச்சதானி ஆய்வில் செஃப்டாசிடிம் மருந்து, கடுமையான நோயில் மரணத்தைப் பாதியாகக் குறைத்தது. இன்றும் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், ஆழமான சீழ்க்கட்டி என்றால் 4 வாரமோ அதற்கு மேலோ. பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். இந்த மூன்று மாதத்தில்தான் ஆட்கள் நழுவுகிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, பசிக்கிறது, மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, எதற்கு என்று நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் திரும்பி வரும். வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து நாட்காட்டியில் குறித்து வர வேண்டும். நடவுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கையுறை, வெடிப்பும் புண்ணும் இருந்தால் நீர் புகாத கட்டு, மழைக்காலத்தில் காய்ச்சிய தண்ணீர். தடுப்பு இவ்வளவுதான்.

இப்போது பெட்டகம். 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. அங்கே மேலாள் (கடைப் பொறுப்பாளர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்), பெட்டியடிப் பையன், சமையல்காரர் என்று எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள், நோயுற்றார்கள், சிலர் திரும்பவில்லை. அவர்களுடைய உடல்நிலை பற்றிய வரிகள் இன்னும் கானாடுகாத்தான், தேவகோட்டை, கோட்டையூர் வீடுகளின் தாள்கட்டுகளில் கிடக்கின்றன. வீட்டுச் சாமான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும்போது பெட்டிக்கு விலை உண்டு, உள்ளே இருக்கும் தாளுக்கு இல்லை. தாள் எடைக்குப் போய்விடும். இதில் யாரையும் குறைசொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத எழுத்து எல்லோருக்கும் குப்பையாகத்தான் தெரியும்.

கட்டை அவிழ்க்குமுன் படம் எடுங்கள். எந்தக் கயிறு, எது மேலே, எது கீழே, எந்தப் பெட்டிக்குள். அந்த அடுக்கே ஒரு சாட்சி. தேதியில்லாத கடுதாசி எந்த வருஷத்துக் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது என்பதை வைத்துத்தான் காலம் சொல்ல முடியும். தாளுக்கு லேமினேஷன் வேண்டாம், ஒட்டுநாடா வேண்டாம், பூச்சிமருந்துத் தெளிப்பு வேண்டாம். ஓலைச்சுவடிக்குப் பூசும் புல்லெண்ணெயைத் தாளில் பூசவே கூடாது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, பக்கவாட்டு வெளிச்சத்தில், வெற்றுப் பக்கம் உட்பட இரண்டு பக்கமும், உறையோடு படம் எடுத்தால் போதும்.

தேதியில் இரண்டு பொறி இருக்கிறது. பரிதாபி வருஷம் என்றால் 1912-13. ஆனால் 1852-53-ம் பரிதாபிதான், 1972-73-ம் பரிதாபிதான். அறுபது வருஷச் சுழற்சியில் எது என்று அஞ்சல்தலை சொல்லும். 1937 ஏப்ரலில் பர்மா தனி நிர்வாகமானது, அதற்கு முன் ரங்கூன் கடுதாசியில் இந்தியத் தலையே இருக்கும். இரண்டாவது பொறி மார்கழிக்குப் பின். 'பரிதாபி௵ தை௴ ௰௨௳' (பரிதாபி வருஷம் தை மாதம் 12-ம் தேதி) என்றால் 1912 அல்ல, 1913 ஜனவரியின் பின்பாதி. மார்கழியின் பின்பாதி, தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். இதை மறந்து குடும்ப மரத்தில் இறந்த வருஷத்தை ஒன்று முன்னால் போட்டுவிட்டால், ஒரு கொள்ளைநோய் வருஷத்தில் இறந்தவர் அதற்கு முன்பே இறந்தவர் ஆகிவிடுவார்.

எண்களில் ௧-வும் க-வும், ௭-வும் எ-வும், ௮-வும் அ-வும் ஒன்றுபோலவே இருக்கும். சூழலைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். எல்லாவற்றிலும் ஆபத்தானது ௸, மேற்படி. '௸ நோவு' என்று எழுதியிருந்தால் மேல் வரிக்குப் போக வேண்டும், மேல் வரி முந்தைய பக்கத்தில் இருக்கலாம், அந்தப் பக்கம் தனியாகப் பிரிந்து போயிருக்கலாம். கட்டைக் கலைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கடுதாசியில் நோயைப் பற்றி அதிகம் எழுத மாட்டார்கள். ஊரில் ஆத்தா படித்துக் கலங்கிவிடுவாள், பெண் கொடுப்பவர்கள் காதில் விழுந்துவிடும், கடையின் விலாசத்துக்கு, அதாவது கடைப்பெயருக்கு, இழுக்கு. 'தேக அசௌக்கியம், இப்போது பரவாயில்லை' என்று ஒரு வரி. உண்மை கணக்கில் இருக்கும், ஏனென்றால் காசு செலவானதை மறைக்க முடியாது. டாக்டர் பீசு, கொயினா (குவினைன்) வாங்கிய வகை, ஐஸ், பால், வழக்கத்துக்கு மாறாக நடுவில் ஒரு கப்பல் டிக்கெட்டு, திடீரென்று இன்னொருவர் பேருக்கு எழுதிய அதிகாரப் பத்திரம். மேலாளின் கணக்கு வழக்கமாக மூன்று வருஷம். பதினான்காம் மாதத்தில் கையெழுத்து மாறியிருந்தால் அங்கே நின்று தேட வேண்டும். நோய் வரலாற்றுக்கு நூறு கடுதாசியைவிட ஒரு பேரேடு அதிகம் சொல்லும்.

அகப்பட்ட சொல்லை இன்றைய நோயாக மாற்றுகிற ஆசையைத்தான் மிகவும் அடக்க வேண்டும். வைசூரி, வாந்திபேதி போன்றவை ஓரளவு தெளிவு. முறைக்காய்ச்சல் பெரும்பாலும் மலேரியா. சயம், எலும்புருக்கி என்று எழுதியது எல்லாம் காசநோயாக இருக்க வேண்டியதில்லை. ஜன்னி என்பது நோயின் பெயரே அல்ல, ஒரு நிலை. ராஜபிளவை என்பது முதுகிலும் பிடரியிலும் வரும் பல வாய்க் கட்டி, சர்க்கரைக்காரருக்கு அதிகம். ரங்கூனில் ராஜபிளவையும் காய்ச்சலுமாக ஒருவர் இறந்தார் என்று படித்தவுடன் மெலியாய்டோசிஸ் என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. கிருமியைக் காணாமல் அதைச் சொல்ல முடியாது. 'ராஜபிளவை, காய்ச்சல், 11 நாள், மழைக்காலம், சர்க்கரை இருந்ததாகக் குடும்பத்தில் சொல்கிறார்கள்' என்று எழுதினால் அது எதிர்காலத்தில் யாருக்காவது பயன்படும். நோய்ப்பெயரைத் தீர்ப்பாக எழுதிவிட்டால் அந்த வரி அதோடு செத்துவிடும். ரங்கூனுக்கு 1905-ல் பிளேக் வந்தது என்பதற்காக அதற்குப் பின் இறந்தவர் எல்லோரையும் பிளேக்கில் சேர்ப்பதும் இதே தவறுதான்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெரிய நூல்களோடு சேர்த்து, மற்றவர்கள் எறிந்துவிடும் துண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், வைத்தியப் பிரசுரம் என்று சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, 1994-லிருந்து அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. எது பிற்காலத்தில் முக்கியமாகும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதை அவரளவு நம்பியவர் செட்டிநாட்டில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டுத் தாளைக் கொடுப்பதென்றாலும் பிரிக்காமல், கட்டோடு, எந்த வீட்டின் எந்தப் பெட்டியில் இருந்தது என்ற சீட்டோடு கொடுங்கள்.

தாள் போய்விட்ட வீடுகளில் ஆச்சிமார்களின் நினைவுதான் மிச்சம். அதையும் கெடுத்துக் கேட்கலாம், கெடாமலும் கேட்கலாம். "ஐயாவுக்கு டிபியா?" என்று கேட்டால் ஆமாம் என்றே பதில் வரும். பெயரை நாமே கொடுத்துவிட்டோம். "ஐயா எந்த மாசம் ஊருக்கு வந்தாக? நடந்து வந்தாகளா, தூக்கிக்கிட்டு வந்தாகளா? எம்புட்டு நாள் படுத்திருந்தாக? இருமுனாகளா, கட்டி இருந்துச்சா, எந்த எடத்துல? கூட இருந்தவுகளுக்கும் வந்துச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சமையல்காரரையும் வண்டிக்காரரையும் பற்றிக் கேட்க மறக்கக் கூடாது, கணக்கில் அவர்கள் பெயர் சம்பள வரியோடு நின்றுவிடும். நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஆச்சி சொன்னது, வலப்பக்கம் நமக்குத் தோன்றியது என்று வைத்துக்கொள்ளலாம். "கால் கல்லு மாதிரி கெடந்துச்சு, அரிசி நொய்யாட்டம் கறுப்பா வந்துச்சு, வலிக்கலைன்னு சொல்லுவாக" என்றால் இடப்பக்கம் அந்தச் சொற்களையே எழுத வேண்டும். வலப்பக்கம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை.